லியோஸ்பெல் உள்ளே வந்தான்

மத்தியானம் இரண்டு மணி. நம் ஊர் கைபாரியென் கடற்கரைச் சாலையில் ஒரு நாய்கூட இல்லை. வெயிலில் தார் இளகி நாறுகிறது... அந்தச் சாலையில் நெரேய்டா வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருக்கிறாள்.

"பேய்க் கதைன்னா ராத்திரியில நடக்கணும், கிழவி" என்கிறான் பக்கத்து வீட்டு ஒர்லாந்தோ, இருட்டுக்குள்ளிருந்து.

"ராத்திரியிலதானே சொல்றேன்? கரண்ட் வர்ற வரைக்கும் வாயை மூடிட்டுக் கேளு. விசிறி அட்டையை இந்தப் பக்கமும் கொஞ்சம் வீசு."

இது என் தோழி ஒதாலிஸின் தம்பி யுஸ்னியெலுக்கு நேர்ந்தது. நேர்ந்தது என்ன, அவனே தேடி வாங்கிக் கட்டிக்கொண்டது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பேயின் மேல் இல்லை... அவன் மேல்.

நெரேய்டாவுக்கு ஒரே மகன், லியோஸ்பெல். லாரி டியூப்களைத் தெப்பமாகக் கட்டி, துடுப்புப் போட்டு, கடல் தாண்டி வெளிநாடு போய்விடலாம் என்று வடக்கே கிளம்பினான். போனவன் போனவன்தான். ஃபோனும் இல்லை, உடலும் இல்லை. மிச்சம் இருந்தது அவனுடைய கம்ப்யூட்டர். அதுவும் ஒருநாள் நின்றுபோனது. யுஸ்னியெல் பழுது பார்ப்பவன். அவனிடம் தூக்கிக்கொண்டு போனாள்.

"விளையாடுறப்போ அவன் கத்துறது, சிரிக்கிறது எல்லாம் இதுல பதிஞ்சு வச்சிருக்கான். அந்தக் குரலை மட்டும் எடுத்துக் குடுத்துடு, மகனே."

"குடுத்துடலாம், நெரேய்டாம்மா" என்றான் பாவி.

திறந்து பார்த்தான். உள்ளே யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கிராபிக்ஸ் கார்டு. கை அரித்தது. அவனிடம் ஏற்கெனவே மூன்று செத்த பெட்டிகள் கிடந்தன. ஒன்றின் போர்டு, ஒன்றின் மெமரி, ஒன்றின் ஃபேன். நெரேய்டாவின் பெட்டியிலிருந்து கார்டும் ஹார்டு டிஸ்க்கும். நாலு பெட்டியும் சேர்ந்து ஊரிலேயே வேகமான கேம் மெஷின் ஆயிற்று. டிஸ்க்கைத் துடைத்துவிட்டு விளையாட்டை ஏற்றினான். அந்தக் குரலைத் துடைத்தான், தெரிகிறதா? வெறும் கூட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்தான்.

"டிஸ்க் செத்துருச்சும்மா. ஒண்ணும் பண்ண முடியாது."

பட்ட சிரமத்துக்கு நன்றி என்று அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். அதையும் குடித்தான்.

நம் பிள்ளைகள் விளையாடுவதெல்லாம் மாடிக்கு மாடி இழுத்து கம்ப்யூட்டர்களை இணைத்த கம்பியில்தானே. பெட்டிக்குள் கம்பியை மாட்டுகிற சின்ன அட்டையை வைத்துத்தான் அங்கே ஆள் அடையாளம். அட்டை யாருடையதோ, திரையில் வரும் பெயரும் அவருடையது. கள்ளாட்டம் ஆடியதற்காக யுஸ்னியெலை எப்போதோ வெளியே தள்ளியிருந்தார்கள். சனிக்கிழமைப் போட்டியை விட்டுவிட அவனுக்கு மனசில்லை. கூட்டைத் திருப்பிக் கொடுக்கும் முன்பே பிடுங்கி வைத்திருந்த லியோஸ்பெல்லின் அட்டையையும் செருகினான்.

மெஷினைப் போட்டான். ஊரில் எரிந்துகொண்டிருந்த திரையிலெல்லாம் ஒரு வரி: லியோஸ்பெல் உள்ளே வந்தான்.

"லியோ? உயிரோட இருக்கியாடா?"

"எங்கடா போய்த் தொலைஞ்ச?"

அப்போதே அணைத்திருக்கலாம். மறுபடியும் துரத்திவிடுவார்களே என்று பயம். தட்டினான்: "நான்தான்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நெரேய்டா ஓடினாள். "அத்தை, உன் மகன் வந்துட்டான்! கம்பி யுஸ்னியெல் மாடியிலேர்ந்து வருது!" என்று யாரோ ஒரு பெண் அவள் வாசலில் நின்று கத்தியிருக்கிறாள்.

கதவை உதைத்துத் திறந்தாள்.

"எங்கடா என் பிள்ளை?"

அவன் எழுந்தான். அதே நொடி கரண்ட் போனது. தெருவில் ஒவ்வொரு ஃபேனாக ஓய்ந்தது... அவன் மெஷினில் மட்டும் ஏதோ ஓடியது. கிறீச்... தொப். கிறீச்... தொப். துடுப்பு உரசித் தண்ணீரில் விழுகிற சத்தம். அறை முழுக்க உப்பும் சூடான ரப்பரும் நாறியது.

பெட்டிக்கு மூடி போட்டிருக்கவில்லை. கார்டின் மேல் மகன் ஒட்டிய நண்டுப் படம் இருந்தது. பார்த்தாள்.

"திருட்டு நாயே" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை.

ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"ம்... சொல்லுப்பா... சாப்பிட்டியா?... குளிருதா?... ஆமா. இங்கதான் நிக்கிறான்."

கழற்றி அவனிடம் நீட்டினாள். "உன்கிட்ட பேசணுமாம்."

அவன் சுவரோடு ஒட்டினான். அவளே அவன் தலையில் மாட்டினாள். அவன் வாய் திறந்தது... திறந்தபடியே நின்றது.

"அப்புறம்?" ஒர்லாந்தோ அட்டை வீசுவதை நிறுத்திவிட்டான்.

அப்புறம் என்ன? மெஷினை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். துடைத்த டிஸ்க்கில் இப்போது ஒரே ஒரு பதிவு இருக்கிறது. கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நீண்டுகொண்டே போகிறது. யுஸ்னியெல் அக்கா வீட்டில்தான் இருக்கிறான். சோறு வைத்தால் சாப்பிடுவான். கூப்பிட்டால் திரும்புவான். குரல் மட்டும் இல்லை. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

போன வாரம் நெரேய்டா என் காதிலும் அந்த ஹெட்போனை வைத்தாள். அலை. துடுப்பு. யாரோ அழுகிறான்... யுஸ்னியெல். "தண்ணி... ஒரு வாய் தண்ணி குடுடா..."

பிறகு லியோஸ்பெல்.

"துடுப்பை வலிடா நாயே. இன்னும் கரையே தெரியல."