டாக்டரின் பாட்டும் செவ்வந்தியின் காதும்

யார் பாடினாலும் எனக்குப் பிடிக்கும். சுருதி சேர்ந்தால் போதும், வேறு குறை சொல்லமாட்டேன்.

டாக்டர் கிளமென்ட் தங்கமான மனிதர். மண்டையோட்டின் அடிப்பகுதியில் ஆபரேஷன் செய்ய தஞ்சாவூரில் அவரைவிடக் கைநேர்த்தியானவர் இல்லை. கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனிப்பாட்டு பாட ஆசைப்பட்டதுதான் வினை. ஒத்திகை முழுக்க ஆபரேஷன் தியேட்டரில். நானோ பாடகர் குழுவில் வளர்ந்தவள். காது கூசியது.

நரம்புகளைக் கண்காணிப்பது என் வேலை. மயக்கத்தில் இருப்பவரின் காதுக்குள் 'டிக் டிக்' என்று ஒலி கொடுப்போம். மூளைத்தண்டு வரை அது போய்ச் சேருகிறதா என்பது திரையில் அலையாகத் தெரியும். அலை இறங்கினால் நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம்; நான் சொல்ல வேண்டும், டாக்டர் உடனே கையை எடுக்க வேண்டும்.

ஒருநாள் அவர் உச்சஸ்தாயிக்குப் போனபோது, "சார், அலை இறங்குது" என்றேன். இறங்கவில்லை.

"என் பாட்டாலயா ஃபிளோரா?"

"கேக்குற நரம்பு இல்லீங்களா சார். பாவம், அதுக்கு எல்லாம் கேக்கும்."

வெள்ளந்தி மனிதர், நம்பிவிட்டார். அடுத்தடுத்த ஆபரேஷன்களிலும் அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் அதையே சொன்னேன். கடைசியில் தனிப்பாட்டையும் விட்டுவிட்டார். சபைக்கே நல்லது செய்த திருப்தி எனக்கு.

பிறகு சீர்காழிப் பக்கத்திலிருந்து செவ்வந்தி வந்தார். காது நரம்பை ஒட்டி ஒரு கட்டி. "வயல்ல மோட்டார் ஓடுதான்னு இந்தக் காதாலதான் வீட்லேருந்தே கேப்பேன். பத்திரமா பாத்துக்கம்மா" என்றார்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்று அலை நிஜமாகவே இறங்கியது. சொன்னேன். டாக்டர் கையை எடுக்கவில்லை. "நான் பாடலியே" என்றார். மயக்க மருந்து கொடுக்கும் ஆஸிமைத் திரும்பிப் பார்த்து, "நீங்க ஏதாவது முணுமுணுத்தீங்களா?" என்று விசாரித்தார். ஆஸிம் இல்லையென்று சத்தியம் செய்து முடிப்பதற்குள் அலை நேர்கோடாகிவிட்டது.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் மறுபடியும் பாட ஆரம்பித்துவிடுவாரே.

செவ்வந்தி இப்போது மோட்டாரைப் பார்க்க வயலுக்கே நடந்து போகிறார். நடை உடம்புக்கு நல்லது.

டாக்டருக்கு இன்றுவரை என்மேல் சந்தேகமே இல்லை. போன வாரம் வேறொருவரின் கட்டியை அறுத்துக்கொண்டே, "தியேட்டர் வெறிச்சுன்னு இருக்கு. நீங்களாவது பாடுங்களேன், உங்க குரல் நரம்பை ஒண்ணும் பண்ணாது" என்றார். பாடினேன். ஒரு சுருதி பிசகவில்லை.

அப்போது அலை இறங்கியதா என்று கேட்கிறீர்கள். பாடும்போது நான் கண்ணை மூடிக்கொள்வது வழக்கம்.