கிணற்றுச் சுவரில் ஐந்து கோடுகள்

— கோடு கிழிச்சவளுக்கு சால்வையாம்! வருஷக் கணக்கா ஊர்க் கூட்டத்துல தொண்ட கிழிய கத்துன எனக்கு இன்னா ரம்யா? ஒரு டீ கூட கெடையாது.

— உங்க தம்பி பொண்டாட்டிக்குத்தானங்க போத்தனாங்க. எழில்மதி இன்னா ஊரான் வூட்டுப் பொண்ணா?

— தா பாரு, அதாண்டி வவுறு எரியுது. ஊரான் வூட்டுப் பொண்ணா இருந்தா நான் பாட்டுக்கு தூங்கியிருப்பேன்.

— நீங்க மைக்கப் புடிச்சா ஜனங்க கொட்டாவி உடுதுங்க. அவ வருஷா வருஷம் சித்திரையில பெயிண்டு டப்பாவத் தூக்கிக்கினு ஊர்க் கெணத்துல எறங்கனா. தண்ணி நின்ன எடத்துல ஒரு செவப்புக் கோடு, பக்கத்துல வருஷம். கோடு வருஷத்துக்கு வருஷம் கீழ எறங்கிக்கினே போச்சி. அஞ்சாவது கோடு எங்க கெடக்குதுன்னு எட்டிப் பாத்தாரு நாராயணசாமி மாமா. அவரு நெலத்துல போர் போட வந்த வண்டிய அப்படியே சின்னசேலத்துக்கே திருப்பி அனுப்பிட்டாரு.

— அதுவும் நான் சொன்ன சமாச்சாரந்தான! ஆளாளுக்கு போர் போட்டா கெணறு வத்தும்னு நான் சொல்லல?

— சொன்னீங்க. யாரு கண்ணுக்குத் தெரிஞ்சிது?

— கண்ணுக்கா? இப்பப் போயி பாரு. அவ கடைசிக் கோட்டுக்கு மேல ஒரு மொழம் தண்ணி நிக்கிது. கோடெல்லாம் பொய்யினு ஊரே சிரிக்கப் போவுது.

— மலையில கூட ஒரு தூத்தல் இல்லியே. ஏது தண்ணி?

— ஊத்து தெறந்திருக்கும்.

— ஏங்க, இங்க பாருங்க. ரெண்டு நாளா நம்ம போர் மோட்டாரு ஓடிக்கினே கெடந்துச்சி. கரும்புக்குப் பாயுதுன்னு இருந்துட்டேன். ஓஸ் போட்டு ஊர்க் கெணத்துலயா உட்டீங்க?

— ஆமா, உட்டேன். இன்னாங்கிற? அவ மூஞ்சி சுண்டிப் போறத ஒரு தபா பாக்கணும் எனக்கு. சாயங்காலக் கூட்டத்துல பாத்துடுவேன்.

— நல்லா பாருங்க. காலையிலேருந்து நம்ம மோட்டாரு காத்தத்தான் தள்ளுது.

— இன்னாடி சொல்ற?

— போர் வத்திப் போச்சிங்க. கரும்பு வாடிக்கினு நிக்கிது. ஊர்ல இனிமே யாரும் புது போர் போடக் கூடாதுன்னு நீங்க கத்திக்கினு இருந்த தீர்மானத்த, இன்னிக்கிக் கூட்டத்துலதான் போடப் போறாங்க. எனக்கு மட்டும் ஒண்ணு உடுங்கன்னு அவ எதிர்ல மொத ஆளா எழுந்து நிக்கப் போறது நீங்கதான்.