சிவப்புப் பட்டை மரத்தடியில்

சின்னத் தீவுக்குப் போகிறவர்கள் பெரிய பெட்டி கொண்டு போகக் கூடாது. படகில் ஏற்றி இறக்குவதற்குள் இடுப்பு விட்டுவிடும். நாங்கள் இரண்டு கொண்டு போனோம். அந்தப் பயணத்தில் உன் அண்ணன் கோட்டை விட்டது அது ஒன்றில்தான், ஷ்யாம்.

டீயைக் குடி, ஆறிவிடும். மஸ்கட் ரூவியிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாய். கேட்டதற்கு நான் மழுப்ப மாட்டேன். துபாயில் இந்த அல் குசைஸ் வீட்டையும் சீக்கிரம் காலி செய்தாக வேண்டும். என் விசாவுக்கு ஸ்பான்சர் உன் அண்ணன்தானே.

கரீபியன் தீவில் என்னதான் செய்வீர்கள் என்று கீழ்வீட்டு ஷியாமளா போவதற்கு முன்பே கேட்டாள். செய்வதற்கு நிறைய இருக்கிறது. காலையில் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலில் முகத்தைக் கவிழ்த்தால், ஆமைகள் நம் வயிற்றுக்குக் கீழே நீந்திப் போகும். மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. ரொட்டிக்குள் கொண்டைக்கடலைக் கறியை வைத்து மடித்துத் தருவார்கள், நம் வாய்க்கு ஒத்துப்போகும். எல்லாம் நன்றாகவே இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்ததுதான் எனக்கு உறுத்தியது.

கல்யாணமாகி இருபது வருடம், லீவு என்றால் மதுரை. உன் அண்ணனுக்கு வேறு ஊர் தெரியாது. தேராவில் கடைக்குப் போனால்கூட எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று நான்தான் சொல்வேன். அப்படிப்பட்டவர் அந்தத் தீவில் இறங்கியதும் வேறு ஆளாகிவிட்டார். பாறைக்கு இடப்பக்கம் போனால்தான் ஆமை வரும் என்று படகோட்டிக்கே சொன்னார். வேனை நிறுத்தக் கூரையைத் தட்ட வேண்டும் என்று தெரிந்து தட்டினார். ரொட்டிக்கடை அம்மாள் அவர் தோளில் கைபோட்டு, ரொம்ப நாள் பழகியவள் மாதிரி நலம் விசாரித்தாள். அந்த ஊரில் எல்லோரிடமும் அப்படித்தான் பேசுவார்களாம். அது எனக்குப் பிறகு தெரிந்தது.

அன்றைக்கே கேட்டேன், இங்கே முன்னால் வந்திருக்கிறீர்களா என்று. அவர் முதலில் சிரித்தார். பிறகு, "உன்னைய விட்டுட்டு நான் எங்க போயிருக்கேன், ஜலஜா?" என்றார். காதோரம் சிவந்துவிட்டது. எதையோ மறைக்கும்போதுதான் அவருக்கு அப்படி ஆகும்.

போன வருடம் ஐரோப்பாவில் டிரெயினிங் என்று ஆபீஸ் ஆட்களோடு போனாரே, ஞாபகம் இருக்கிறதா? அவர் பேச்சில் அடிக்கடி வரும் அந்த மாஹிராவும் கூடப் போனாள். அங்கிருந்து அவர் எனக்கு ஒரு போட்டோகூட அனுப்பவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். யார் பார்த்தாலும் கணக்கு நேராகத்தான் வரும். போன வருடம் அவளோடு இங்கே வந்து சுற்றிய இடங்களை வரிசை மாறாமல் எனக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. நான் அழவில்லை. இரவு அவர் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன்.

மறுநாள் ஆளில்லாத ஒரு கடற்கரைக்குப் படகில் போனோம். கரை இறங்குவதற்கு முன் படகோட்டி ஒரு மரத்தைக் காட்டினான். அடியில் சிவப்புப் பட்டை அடித்திருந்தது. அதன் பழம் விஷம், பாலும் விஷம், மழைக்குக்கூட அதனடியில் ஒதுங்கக் கூடாது என்றான். இந்தத் தீவுக்கு யார் வந்தாலும் முதலில் இதைத்தான் சொல்வோம் என்றான். உன் அண்ணன் அப்போது படகின் மறுகோடியில், ஜெபல் அலி துறைமுகத்தில் ஏதோ கன்டெய்னர் சிக்கிக்கொண்டதென்று போனில் கத்திக்கொண்டிருந்தார். சாரிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள் என்றான் படகோட்டி. சரி என்றேன். அவன் மீன் சுட மறுபக்கம் போய்விட்டான்.

சொல்லத்தான் நினைத்தேன். குளித்து ஈரத்தோடு வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னமோ இங்கயே இருந்து பழகின மாதிரி இருக்கு" என்றார். அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை.

அவர் நேராக அந்த மரத்தடிக்குப் போனார். "பாரேன், நம்ம ஊர் ஹைவேஸ்காரன் புளியமரத்துக்கு அடிக்கிற மாதிரியே பட்டை அடிச்சிருக்கான்" என்று சிரித்தார். ரோட்டோர மரத்திலிருந்து விழுந்தது எல்லோருக்கும் பொது என்று வளர்ந்தவர். குனிந்து ஒரு பழத்தை எடுத்தார். சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி இருந்தது. வேட்டியில் துடைப்பதுபோல் துண்டில் துடைத்துவிட்டுக் கடித்தார்.

"நல்லா இனிக்குது. இந்தா, நீயும் ஒரு கடி கடி."

"வேண்டாம், நீங்க சாப்பிடுங்க" என்றேன்.

முழுசாகச் சாப்பிட்டார். தொண்டை எரிகிறது என்றார். தண்ணீர் கொடுத்தேன், அவரால் விழுங்க முடியவில்லை. படகோட்டியை உடனே கூப்பிட்டிருக்கலாம். அவருக்குப் பேச்சு நின்ற பிறகு கூப்பிட்டேன். பழம் ஏதாவது சாப்பிட்டாரா என்று அவன் பதறிக் கேட்டான். இல்லை, காலையில் இறால் சாப்பிட்டார் என்றேன். கிளினிக்கில் நர்ஸ் கேட்டபோதும் இறால் என்றுதான் சொன்னேன். பாவம், இறால் அலர்ஜிக்கான மருந்தைக் கொடுத்தார்கள். நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். கடைசிவரை என் விரலைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு மனைவி செய்ய வேண்டியதில் நான் எதையும் குறைக்கவில்லை.

நீ இவ்வளவு நேரம் குறுக்கே பேசாமல் கேட்டாய். பிறகு நீ சொன்னதையும் நான் பொறுமையாகத்தான் கேட்டேன். ஒரு வருடமாக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் அந்தத் தீவின் வீடியோக்களாகப் பார்த்தாராம். எங்கே ஆமை வரும், எந்தக் கடையில் ரொட்டி நன்றாக இருக்கும் என்று உனக்குப் போன் போட்டுச் சொல்வாராம். "உங்க அண்ணிகிட்ட மூச்சு விடாதடா. இருபது வருசமா அவதான் எனக்கு வழி காட்டுறா, அங்கயாவது நான் காட்டணும்" என்றாராம். இருக்கலாம். அண்ணன் மேல் உள்ள பாசத்தில் தம்பி எதையும் சொல்லுவான்.

நீ கடைசியாகக் கேட்டதற்குத்தான் கொஞ்சம் யோசித்தேன்.

"அண்ணன் அங்க முன்னாடி ஒரு தடவையாவது போயிருந்தா, அந்தப் பழத்தத் தொட்டிருப்பாரா, அண்ணி?"

நியாயமான கேள்விதான். போகிறவர்கள் எல்லோருக்கும் முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

ஆனால் பக்கத்தில் அவள் இருந்திருப்பாள், ஷ்யாம். அவருக்கு அதெல்லாம் எங்கே காதில் விழுந்திருக்கப் போகிறது.