அரளிபாளையா சபையின் பெயரை விடாமல் வாசித்த கேரல் அம்மையாருக்கு

கடிதம் அனுப்ப மறந்த போதகர்களைக் கலங்கடித்த கண்டிப்பே! கடிந்த கையோடு காபி கொடுத்து அனுப்பும் கனிவே! முப்பத்தாறு ஆண்டுகள் எங்கள் சபைகளின் சங்க அலுவலகத்தின் மூச்சாக இருந்து, இன்று பணி ஓய்வு பெறும் திருமதி கேரல் அம்மையார் அவர்களே! தங்களுக்கு எங்கள் அன்பின் ஸ்தோத்திரம்!

இப்படி ஒரு மடல் தயாராகிறது என்று தெரிந்ததுமே அம்மையார் எங்களில் இளையவளான வீணாவைக் கூப்பிட்டு, "மூஞ்சிக்கு நேரா புகழ்ந்தீங்கன்னா எந்திரிச்சுப் போயிடுவேன், சொல்லிட்டேன்" என்று எச்சரித்துவிட்டார். ஆகவே அவரை மாலையோடு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவர் கதையை இந்த அரங்கத்தாருக்குச் சொல்கிறோம். அவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

தட்டச்சு இயந்திரம் போய்க் கணினி வந்தது. கணினி போய்க் கைப்பேசி வந்தது. பிரேசர் டவுனில் உள்ள நம் அலுவலகத்தில் கேரல் அம்மையார் மட்டும் மாறவில்லை. ஒரு சபையை விட்டு இன்னொரு சபைக்குப் போகிறவர், பழைய சபை கூடி ஒப்புக்கொண்ட மாற்றுக் கடிதத்தைக் கொண்டுவர வேண்டும் என்பது நம் வழக்கம். அந்தக் கடிதம் இல்லாமல் எவர் பெயரையும் அவர் பதிவேட்டில் ஏற்றியதில்லை. மணமேடைக்குப் போகிற மாப்பிள்ளையைக்கூட வாசலில் நிறுத்திக் கடிதம் கேட்டவர் அவர்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பதினேழு சபைகளின் பெயர்களையும் வாசிப்பது அவர் வேலை. பெயர் வாசித்ததும் அந்தச் சபையார் எழுந்து "இருக்கிறோம்" என்று சொல்லி, எத்தனை பேர் என்பதையும் சொல்வார்கள். பதினேழாவது பெயர் அரளிபாளையா. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அப்பால், இப்போது அடுக்குமாடிகளுக்கு நடுவே பூட்டிக் கிடக்கிற சின்னக் கட்டடம். கேரல் ஞானஸ்நானம் பெற்றது அங்கேதான். கல்யாணமாகிப் பிரேசர் டவுனுக்கு அவர் வந்தபோது அரளிபாளையாவில் மிஞ்சியிருந்தவர்கள் ஆறே பேர். ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில், அந்தச் சபையை நடத்திவந்த உதவிக்காரர் சின்னப்பா ஐயாவும் போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஆறு அடக்கத்துக்கும் அம்மையார் போய் ஆளுக்கொரு பிடி மண் போட்டார். அப்புறமும் ஆண்டுதோறும் அந்தப் பெயரை வாசித்தார். அரங்கம் அமைதியாக இருக்கும். "பதில் இல்லை" என்று எழுதிக்கொள்வார்.

இந்த ஆண்டுதான் சிக்கல் வந்தது. வைட்ஃபீல்டில் நம் சபைகளில் கன்னடக்காரர் உண்டு, மலையாளி உண்டு, எல்லா ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. கன்டோன்மென்ட் தமிழ் பாப்டிஸ்ட் சபைகளின் சங்கம் என்ற பெயர் நமக்கே சட்டை இறுகியது போல ஆகிவிட்டது. பெங்களூர் பாப்டிஸ்ட் சபைகளின் ஐக்கியம் என்று பெயரை மாற்றி, மூன்று மண்டலங்களாகப் பிரிக்கத் தீர்மானம் தயாரானது. ஆனால் பழைய விதி ஒன்று குறுக்கே நின்றது. பட்டியலில் உள்ள எல்லாச் சபைகளும் பதில் சொன்ன கூட்டத்தில்தான் சங்கத்தின் பெயரை மாற்ற முடியும். ஒரு சபையை மூடுவதற்கோ சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது. அந்தச் சபையே கூடித் தன்னைக் கலைத்தால்தான் உண்டு. அரளிபாளையாவில் கூடுவதற்கு ஆள் ஏது?

சங்கத் தலைவரான போதகர் பாலகுமார் ஐயர் அம்மையாரைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, அந்த ஒரு பேரை மட்டும் ஸ்கிப் பண்ணிடுங்க. யாரு கேக்கப் போறா?"

"அவங்க கேப்பாங்க" என்றார் கேரல்.

"யாரு?"

அம்மையார் பதிவேட்டை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வீட்டுக்குப் போய் அழுதேன் என்று பிற்பாடு எங்களிடம் சொன்னார். தன்னைப் பெற்றெடுத்த சபையைத் தன் வாயாலேயே இல்லாமல் ஆக்குவதா, அதுவும் ஓய்வு பெறுகிற ஆண்டில், என்று அவருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

கூட்டத்தன்று காலை பதினொரு மணி. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன, நல்ல வெயில். பதினாறு பெயர்களும் பதில்களும் முடிந்தன. பாலகுமார் ஐயர் அம்மையாரையே பார்த்தார். அம்மையார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அரளிபாளையா சபை" என்று வாசித்தார்.

"இருக்கிறோம்."

கடைசி வரிசை, இடப்பக்க பெஞ்சு. ஒரு குரல் இல்லை, ஆணும் பெண்ணுமாகப் பல குரல்கள். நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பெஞ்சில் ஒருவரும் இல்லை. எங்களில் பலர் கையிலிருந்த தாளை நழுவவிட்டோம். அம்மையாரின் கை மட்டும் பேனாவை விடவில்லை.

"எத்தனை பேர்?" என்று வழக்கப்படி கேட்டார்.

"ஏழு பேர்ம்மா" என்றது ஒரு முதிய குரல். சின்னப்பா ஐயாவை அறிந்தவர்கள் அது அவர் குரல்தான் என்று இன்றும் சொல்கிறார்கள்.

ஏழு என்றதும்தான் அம்மையாரின் முகம் வெளிறியது. அடக்கம் செய்தது ஆறு பேரை. ஏழாவது யார்? வீணாவை அனுப்பிப் பிரேசர் டவுன் சபையின் பழைய உறுப்பினர் அட்டையை எடுத்துவரச் சொன்னார். கேரல் என்ற பெயருக்கு எதிரே, "மாற்றுக் கடிதம் வரவேண்டியுள்ளது" என்று முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முந்தைய மசியில் எழுதியிருந்தது. அம்மையாரை அனுப்ப மனமில்லாமல் சின்னப்பா ஐயா அவருடைய மாற்றுக் கடித விண்ணப்பத்தைச் சபைமுன் வைக்கவே இல்லை போலும். அப்படியானால் அரளிபாளையாவின் ஏழாவது ஆள் அம்மையாரேதான். ஊரையெல்லாம் கடிதம் கேட்டு விரட்டியவர், தன் கடிதம் வந்ததா என்று ஒரு நாளும் பார்த்ததில்லை!

அம்மையார் எழுந்தார். பேனாவை வீணாவிடம் கொடுத்தார். நேரே நடந்து அந்தக் கடைசி பெஞ்சுக்குப் போய், "கொஞ்சம் தள்ளுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஓரத்தில் உட்கார்ந்தார். பெஞ்சு கிரீச்சிட்டது, ஒரு ஆள் எடைக்குக் கிரீச்சிடுவதைவிட அதிகமாகவே. தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னபோது அவர் கை உயர்ந்தது. ஏகமனதாக நிறைவேறியது. புதிய பதிவேட்டில், தெற்கு மண்டலத்தில், அரளிபாளையா சபை இருக்கிறது. அதை எடுக்க வேண்டும் என்று இப்போது யாரும் பேசுவதில்லை.

அம்மையீர்! இனி தங்களிடமே பேசுகிறோம், எழுந்து போய்விடாதீர்கள். வருகிற ஆண்டு முதல் வீணா பெயர்களை வாசிப்பாள். பதினேழாவது பெயரை வாசிக்க இப்போதே பயப்படுகிறாள். அந்தப் பெயருக்கு உயிருள்ள ஒரு குரல், வெயில் படுகிற ஒரு முகம், எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். ஓய்வுபெறுகிறவர்களை நீடூழி வாழ்க என்று எல்லோரும் வாழ்த்துவார்கள். நாங்கள் பயத்தோடும் பாசத்தோடும் கெஞ்சிக் கேட்கிறோம்: நல்ல உடலோடும் நல்ல நினைவோடும் பல்லாண்டு இருங்கள், தாயே! எங்கள் கண்ணுக்குத் தெரிகிறபடி இருங்கள்!

தங்கள் அன்பில் வளர்ந்த,
அலுவலக ஊழியர்கள்,
பெங்களூர் பாப்டிஸ்ட் சபைகளின் ஐக்கியம்,
பிரேசர் டவுன்.