சம்மந்திக்குச் சொல்லாத மயோனைஸ்

"ஹலோ... ஃபரீத் தம்பியா? எண்ணெய் மண்டி ஜெகபர் அலி வீட்டுல இருந்து உம்மு சல்மா பேசுறேன்... ஆமா ஆமா, அக்காதான்... கோழி வேணாம்ப்பா. மெதுவாப் பேசு. ஒன் கிரில் கடையில காரமா, செவப்பா ஒரு மயோனைஸ் குடுப்பியே, அதை எப்படிச் செய்யிறது?... சிரிக்காதலே. என் மானம் போகப் போகுது."

உம்மு சல்மா அடுப்படிக் கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டாள்.

"எம்மவ மஹ்ரீனைச் சிவகாசியில குடுத்திருக்குல்ல... ஆமா, மாப்பிள்ளை அஷ்ஃபாக்தான். மறுவீட்டு விருந்துக்கு ஒன் கடை டப்பாவைத்தான் கிண்ணத்துல மாத்தி வச்சேன். யாரு செஞ்சதுன்னு கேட்டாரு. நாந்தான்னு வாயில வந்துருச்சு... அட, வந்துருச்சுப்பா, என்ன செய்ய? அன்னையிலருந்து அங்கன எதை வச்சாலும், மாமி கைப்பக்குவம் வருமான்னு ஒரே பேச்சாம். இப்பம் சம்மந்தி தஹ்மீனா, கத்துக்கிட்டுத்தான் போவேன்னு கூடத்துல வந்து உக்காந்திருக்காக... பொய்யின்னு தெரிஞ்சா எம்மவளைக் குத்திக்காட்டியே தீத்துருவாக."

மிக்சி ஜாரைத் திறந்து பார்த்தாள். வெண்ணெய் மாதிரி திரண்டு வர வேண்டியது, முட்டை தனியே எண்ணெய் தனியே கிடந்தது.

"சாத்தூர் வத்தலை ஊறப்போட்டு அரைச்சேன். பூண்டு, முட்டை, எலுமிச்சம்பழம், எல்லாம் இருக்கு... எண்ணெயா? நல்லெண்ணெய்தான்... ஏன் கத்துற? செக்கு எண்ணெய் விக்கிறவுக வீட்டுல வேற என்ன இருக்கும்?... ஆமா, கசக்குது... சன்பிளவர் பாக்கெட்டா? அது இந்த வாசப்படி ஏறுனா ஒங்க அண்ணன் என்னைய எங்க அத்தா வீட்டுக்குப் பஸ் ஏத்திருவாரு... என்னது? சொட்டுச் சொட்டாவா ஊத்தணும்? நான் ஒரே ஊத்தா ஊத்திட்டேனே... சரி, விடு. ஒரு டப்பாவைப் பின்வாசலுக்குக் கொண்டாந்துரு... கடையில ஆளில்லையா? நீயே வாயேன்..."

கதவுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், அவள் குரலே மாறிவிட்டது.

"ஆமா சார், சிலிண்டர் தீந்துருச்சு சார்... ஜெகபர் அலி பேருலதான்... ஆமா ஆமா... இல்ல சம்மந்திம்மா, கேஸ் கம்பெனிக்காரரு. நீங்க போய் ஃபேனுக்குக் கீழ உக்காருங்க, இங்கன வேக்காடு..."

தஹ்மீனா போகவில்லை; உள்ளே வந்தாள். அடுப்பில் டீ தளதளவென்று கொதிப்பதைப் பார்த்தாள். ஜாருக்குள் விரல் விட்டு நக்கி, முகத்தைச் சுளித்தாள். பிறகு போனுக்குக் கை நீட்டினாள். மகளின் வாழ்க்கையையே எடுத்துக் கொடுப்பதுபோல உம்மு சல்மா அதைக் கொடுத்தாள்.

"ஹலோ, கேஸ் கம்பெனியா?... கிரில் கடைதான தம்பி? பயப்படாதீக. மஹ்ரீனோட மாமியா பேசுறேன்... ஆமா, கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு எல்லாம் கேட்டுட்டேன்... கோவம் வந்துச்சுதான். இந்தம்மா மூஞ்சியப் பாத்ததும் போயிருச்சு... அது இல்ல தம்பி. கல்யாணமானதுல இருந்து எம்மவன் என் கையால தின்ன எதையும் நல்லாருக்குன்னு சொன்னதே இல்ல. அந்த ஏக்கத்துலதான் இங்கன வரைக்கும் வந்தேன்."

உம்மு சல்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதனால எனக்குப் பெரிய டப்பாவா ஒண்ணு கட்டுங்க... இல்ல இல்ல, கடைப் பேரு ஒட்டாம. மஹ்ரீன்ட்ட மட்டும் விஷயத்தை நாங்க ரெண்டு பேரும் சொல்லிக்கிறோம். ராத்திரி எம்மவன் தின்னுட்டு ஒரு வார்த்தை சொல்லட்டும், அது போதும்... ஆமாப்பா, நான் செஞ்சதுன்னுதான் சொல்லப் போறேன். வைக்கிறேன்."