பச்சை மரத்தைக் காட்டு

ராத்திரி ஒன்றே முக்கால் மணி. பாகூர் ஏரிக்கரை ரோடு. ஒரு விளக்கு கிடையாது, ஒரு வண்டி கிடையாது... தென்றல் தனியாக நடந்து போனாள்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது எங்கோ கேட்டதில்லை. நம் இளவரசியின் நாத்தனாருக்கு நடந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், டிசம்பர் பதிமூன்றாம் தேதி ராத்திரி. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் ஒரு பொம்பளைக்கு ஏரிக்கரையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அவள் புருஷன் தேவேந்திரன் குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டினான். வருஷத்தில் அந்த ஒரு ராத்திரி வானத்திலிருந்து நட்சத்திரம் பொலபொலவென்று கொட்டும். உலகம் பூராவும் பார்க்குமாம். அவன் கேம்ப் மொட்டைமாடியில் நேபாளத்துக்காரன் தன் பெண்டாட்டிக்கு வீடியோ கால் போடுவான், பிலிப்பைன்ஸ்காரன் தன் அம்மாவுக்குப் போடுவான், இவன் தென்றலுக்குப் போடுவான். மற்ற நாளெல்லாம் காய்ச்சல், கரும்பு, பக்கத்து வீட்டுச் சண்டை என்று பேசுவார்கள். அன்றைக்கு மட்டும் ‘அதோ... அதோ’ தவிர வேறு பேச்சு இருக்காது.

ஆனால் நட்சத்திரம் விழுவதைப் பார்த்த கண் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டுமே. இல்லாவிட்டால் பார்த்தவருக்கு ஆகாது. அந்தப் பாலைவனத்தில் மரத்துக்கு எங்கே போவான்? அதற்காகத்தான் தென்றல் ஏரிக்கரைக்குப் போனாள். அவர்கள் நிலத்தோரம் ஒரு புங்கமரம் இருந்தது. அங்கே அவன் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு “காட்டுடி” என்பான். இங்கே இவள் டார்ச்சை அடித்துப் போனை மரத்தின் பக்கம் திருப்புவாள். அவன் உயிரைத் தன் கையில் பிடித்திருப்பதாகவே நினைத்தாள். ஜனவரியில் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடப் போகிறான். இந்த ஒரு ராத்திரியைத் தாண்டிவிட்டால் போதும்.

அந்த நவம்பர் கடைசியில் அடித்த புயலில் புங்கமரம் வேரோடு சாய்ந்துவிட்டது. கரும்பு படுத்துவிட்டதைச் சொன்னவளுக்கு, மரம் விழுந்ததைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. பழைய போனில் போன வருஷம் எடுத்த மரத்தின் போட்டோ இருந்தது. அதைப் புது போனுக்கு முன்னால் பிடித்தால் இருட்டில் தெரியவா போகிறது? அப்படித்தான் நினைத்தாள், பாவம்.

ஒன்று ஐம்பதுக்குக் கால் வந்தது. அவன் பக்கம் படமே இல்லை, கும்மிருட்டு. நெட் சரியில்லை போலும் என்று விட்டுவிட்டாள். ஏரியில் தவளைச் சத்தம்... சேற்று வாடை... போனிலும் அதே தவளைச் சத்தம்.

குவைத்தில் ஏது தவளை?

இங்கே கத்துவதுதான் திரும்பிக் கேட்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அப்போது வானத்தில் பெரிதாக ஒரு நட்சத்திரம் விழுந்தது. ஏரித் தண்ணீர் ஒரு நொடி வெளுத்து அடங்கியது.

“காட்டுடி” என்றான். குரல் கரகரத்தது.

பழைய போனைத் தூக்கிப் பிடித்தாள். தவளைகள் சட்டென்று நின்றுவிட்டன.

“மரந்தான் வுழுந்து கெடக்குதே தென்றலு... இன்னாத்துக்குப் போட்டோவ காட்டற?”

“ஒங்களுக்கு யாரு சொன்னது?”

“யாரு சொல்லணும்? இங்கதான நிக்கறேன். திரும்பு.”

இந்தத் தடவை குரல் போனிலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. கூடவே டீசல் வாடை.

ராத்திரியில் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பக் கூடாது. நம் எல்லாருக்கும் சொல்லித்தானே வளர்த்தார்கள்? “திரும்புடி... ஒரே ஒரு தபா” என்று அது கெஞ்சியது. அவள் திரும்பவில்லை. ஓட்டம் பிடித்தவள், வீட்டுத் தாழ்ப்பாளைப் போடும்வரை பின்னால் பார்க்கவே இல்லை.

விடிந்ததும் கம்பெனியிலிருந்து போன். லாரி கவிழ்ந்து தீப்பிடித்துவிட்டதாம். முந்தின ராத்திரி, நம்மூர் நேரத்துக்கு ஒன்பது மணிக்கே ஆள் போய்விட்டான். போட்டோ காட்டினதால் ஒன்றும் ஆகவில்லை, அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று எல்லாரும் அவளைத் தேற்றினார்கள்.

சவப்பெட்டி வந்து சேரப் பத்தொன்பது நாள் ஆயிற்று. கூடவே அவன் பை, பைக்குள் அவன் போன். அன்றைக்கு அதை ரூமில் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினான், அப்புறம் யாருமே தொடவில்லை என்று நேபாளத்துக்காரன் சத்தியம் பண்ணினான்.

கருமாதி முடிந்தபின் தென்றல் அதைத் திறந்து பார்த்தாள். கடைசியாக ஒரு போட்டோ இருந்தது. விழுந்து கிடக்கும் புங்கமரம். அதன் முன்னால் முதுகைக் காட்டி நிற்கும் தென்றல், இரண்டு கையிலும் இரண்டு போன். எடுத்தவன் நாலடி தூரத்தில்தான் நின்றிருக்க வேண்டும்.

பார்த்தவர்களெல்லாம் போனைச் சட்டென்று கீழே வைத்துவிட்டார்கள். அவளுக்குப் பயம் வரவில்லை. இன்றைக்கும் டிசம்பர் வந்தால் அதே இடத்தில் போய், வந்த பாதைக்கு முதுகைக் காட்டியே நிற்கிறாள். விடியும்வரை நிற்பாள். யாரும் கூப்பிடுவதில்லை.

இளவரசி ஒரு நாள் கேட்டே விட்டாளாம், ஏன் இப்படிச் செய்கிறாய் என்று.

“பொட்டியத் தொறக்கவே கூடாதுன்னுட்டாங்க அண்ணி” என்றாளாம் தென்றல். “அன்னிக்குத் திரும்பியிருந்தா மொகத்தையாவது பாத்திருப்பேன்.”