அப்பா வீட்டு மெஷின் ரிப்பேர்

ஆமாக்கா, நானேதான் கழட்டுவேன், நானேதான் மாட்டுவேன். வாஷிங் மெஷின்னா பொம்பளைங்க துணி மட்டும்தான் போடணுமா என்ன?

இப்போ எங்கப்பா வீட்டுக்குத்தான் போறேன். மெஷின் ரிப்பேராம், காலையில அவரே போன் பண்ணாரு. அவரேக்கா! வருஷக்கணக்கா மூஞ்சி குடுத்துப் பேசாத மனுஷன். டெய்லரு. கடையை நான் பாத்துக்கணும்னு ஆசைப்பட்டாரு, நான் ஊசியை விட்டுட்டு ஸ்பானரைத் தூக்கிட்டேன். என் கடையில உக்கார மாட்டேன்னா என் வீட்லயும் உக்காராதேன்னுட்டாரு. அதான் இன்னிக்கு எனக்குத் தலைகால் புரியல. ஏறும்போது கண்டக்டருக்கு வணக்கம் வேற போட்டேன், அந்தாளு மிரண்டுட்டாரு.

கஷ்டமான வேலையா? ஐயோ, இல்லவே இல்ல. ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணை மாத்து, என்ன ஆகுதுன்னு பாரு, அவ்ளோதான் வித்தை. மெஷினுக்கு மட்டும் இல்லக்கா, எதுக்கு வேணா செல்லும். எங்க வீட்டுக்காரர் கேக் சுட்டா நடுவுல குழி விழும். மாவை மாத்துவாரு, சர்க்கரையைக் குறைப்பாரு, சூட்டை ஏத்துவாரு, எல்லாம் ஒரே நாள்ல. அப்புறம் எதுனால கெட்டுச்சுன்னு எந்த சாமிக்குத் தெரியும்? எல்லாத்தையும் பழையபடி வெச்சுக்கோ, நடுநடுவுல ஓவன் கதவைத் திறந்து எட்டிப் பாக்கறதை மட்டும் நிறுத்துன்னேன். கும்முனு எழும்பிடுச்சு! இப்போ தெருவுல அவரு பண்ற அலப்பறை தாங்கல.

ஒரு நாள் எங்க மாடி வீட்ல ஒரு கைக்குழந்தை வீல்வீல்னு கத்துச்சு. ஆளாளுக்குப் பால், மருந்து, கிலுகிலுப்பைன்னு ஓடறாங்க. நான் ஒண்ணொண்ணாக் கழட்டினேன். தொப்பி, ம்ஹூம். சட்டை, ம்ஹூம். சாக்ஸைக் கழட்டினா, பிஞ்சு விரலைச் சுத்தி ஒரு நூல்! அறுத்துவிட்டேன், கப்சிப். பெத்தவ என்னைக் கட்டிக்கிட்டா பாருங்க, எனக்கு மூச்சே முட்டிடுச்சு.

இன்னொண்ணும் இருக்குக்கா. ஆளு சொல்றதை வெச்சு முடிவு பண்ணக் கூடாது, மெஷினைப் பேச விடணும். அப்பா கடகடன்னு சத்தம் வருதும்மான்னாரு. போனை மெஷின் பக்கத்துல வைங்கப்பா, கேக்கறேன்னேன். வெச்சாரு. நல்லாவே கேட்டுச்சு.

என்ன கோளாறா? அட, அந்த வீட்ல ஏதுக்கா மெஷினு? அண்ணன் வாங்கித் தர்றேன்னு தலைகீழா நின்னும், எனக்குக் கை இருக்குன்னு துவைக்கிற ஆளு. வாயாலயே கடகடங்கறாரு! நடுவுல இருமல் வந்துடுச்சு. இருமிட்டு, செருமிட்டு, விட்ட எடத்துலேர்ந்து மறுபடியும் கடகட.

நான் சிரிக்கலக்கா. உதட்டைக் கடிச்சுக்கிட்டு, பெரிய ரிப்பேரா இருக்கும் போலப்பா, ரெண்டு மூணு நாள் தங்கித்தான் பாக்கணும்னேன்.

நல்லா நிதானமாப் பாரும்மா, ஒண்ணும் அவசரமில்லைன்னாரு.